குற்றும் கொம்பும் கைக்கு வர: தரம் 1, 2 பிள்ளைகளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல் பெட்டி

சுவர் அட்டவணையில் 247 எழுத்தையும் தொட்டுத் தொட்டுப் பாடமாக்கிய பிள்ளை அட்டவணையைப் பிசகாமல் ஒப்பிக்கும். அதே பிள்ளையிடம் 'பட்டம்' எழுதச் சொன்னால் 'படம்' என்று எழுதி நீட்டும். ட அதற்குத் தெரியும், ப தெரியும், மெய்யின் மேற்புள்ளியான குற்று எங்கே வைப்பதென்றும் தெரியும். தெரியாதது, அந்தச் சொல்லுக்குள் ஓசை எங்கே நின்று எங்கே அழுந்துகிறது என்பது. தமிழில் பெரும்பாலான சொற்களை ஓசை சரியாகக் காதில் விழுந்தால் அப்படியே எழுதிவிடலாம். காது கைவிடும் இடங்கள் ழ–ள, ர–ற, ந–ன என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே கேட்டு எழுதக்கூடியதைக் கையால் தொட்டுப் பழக்கிவிட்டு, கேட்க முடியாததை மட்டும் நினைவுக்கு விடுவதென்ற கணக்கில் இந்தப் பெட்டி செய்யப்பட்டது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கைக்கு அகப்படும் சாமான்கள்தான் எல்லாம். ஒரு பெட்டி நான்கு பிள்ளைகளுக்கு. ஐந்தாவது பிள்ளை சேர்ந்தால் ஒன்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

ஈர்க்கு அளவுகள்

முதலில் செய்ய வேண்டியதும் அதிக பலன் தருவதும் இதுதான். இலக்கணம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்கிறது. அதை அப்படியே நீளமாக்கிவிடுங்கள். குறில் 4 செ.மீ., நெடில் 8 செ.மீ., மெய் 2 செ.மீ.

ஒரு பிள்ளைக்கு 8 செ.மீ. துண்டு நான்கு, 4 செ.மீ. துண்டு ஆறு, 2 செ.மீ. துண்டு ஆறு போதும். நான்கு பிள்ளைகளுக்கும் சேர்த்து மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைவான நீளம். தென்னை ஈர்க்கின் அடிப்பக்கம் மட்டுமே உதவும். நுனியை எடுத்தால் இரண்டாம் நாளே முறிந்துவிடும். பச்சை ஈர்க்கை உடனே வெட்டினால் காயும்போது வளைந்துபோகும், அதனால் கட்டாகக் கட்டி நிழலில் நன்றாக உலரவிட்டுப் பிறகு வெட்டுங்கள். வெட்டுமுனைகளை அரத்தாளில் உரசுவதைத் தவிர்க்க வேண்டாம், சிராய் ஏறும். 2 செ.மீ. துண்டுகளுக்கு மட்டும் சிவப்புக் கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) பூசினால் மெய் எது என்று கண்ணுக்கும் தெரியும். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றால் இந்தச் சின்னத் துண்டுகளைத் தனியாகக் கொடுக்கக்கூடாது, மூக்குக்கும் வாய்க்கும் போகும் அளவு அது. அவர்களுக்கு 3 செ.மீ. அகலமும் 8 செ.மீ. நீளமுமான காட்போட் மட்டையில் துண்டை ஒட்டிக் கொடுங்கள்.

சொல்லை முதலில் பேசுவதுபோலச் சொல்ல வேண்டும், பிறகு ஒருமுறை மெதுவாக. 'படம்' என்றால் 4, 4, 2. 'பாடம்' என்றால் 8, 4, 2. 'பட்டம்' என்றால் 4, 2, 4, 2. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதும் வேறுபாடு தரையில் கிடக்கும், விளக்கம் தேவைப்படாது. அதற்குப் பிறகே பென்சில். ஒவ்வொரு துண்டுக்கும் கீழே அதற்குரிய எழுத்து.

நீளத்துக்குப் பனை–பானை, தடி–தாடி, விடு–வீடு, குடை–கூடை, எடு–ஏடு, கொடி–கோடி. இரட்டிப்புக்குப் பாடு–பாட்டு, காடு–காட்டு, எடு–எட்டு, விடு–விட்டு. இரண்டு வகையையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். 'புட்டு–பூட்டு' போல இரண்டும் சேர்ந்து வரும் சொற்களைக் கடைசிக்கு வையுங்கள். பிள்ளைகள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

பிசகும் இடங்கள் மூன்று. ஒன்று, எழுத்தின் பெயரைச் சொல்லி அடுக்குவது. 'பானா, டானா, இம்மன்னா' என்று சொன்னால் எல்லாமே நெடில்போல நீளும். பிள்ளை மூன்று நீளத் துண்டுகளை வைத்துவிட்டுச் சரிதானே என்று பார்க்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பெயர்களுக்கு விடுமுறை, ஓசை மட்டும். இரண்டு, சொல்லிக்கொடுப்பவர் உதவுவதாக நினைத்து 'பட்… டம்' என்று நடுவில் மூச்சு விடுவது. அழுந்தும் ஓசை அங்கேயே உடைந்துபோய் இரண்டு சொல்லாகக் கேட்கும். மூன்று, சொல்லின் கடைசி உகரம். 'பாட்டு' என்பதன் கடைசி டு இலக்கணப்படி அரை மாத்திரைதான். ஆனாலும் அதற்கு 4 செ.மீ. துண்டே வைக்கச் சொல்லுங்கள். 2 செ.மீ. வைத்தால் பிள்ளை அதை மெய்யாக எடுத்து 'பாட்ட்' என்று எழுதும். தரம் 1-இல் இந்த அளவுக்கு இலக்கணத்தை மீறலாம். 'மலை' போன்ற சொற்களின் கடைசி ஐ குறுகி ஒலிப்பதால் அதற்கும் 4 செ.மீ. தான்.

கடைசி ஓசைக்கு இரண்டு உறுதியான விதிகளை இங்கேயே கொடுத்துவிடலாம். தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் என்று முடியாது, அப்படிக் கேட்டால் உ போட வேண்டும். சொல்லின் முடிவில் எ வராது, 'மலெ' என்றோ 'மல' என்றோ காதில் விழுந்தாலும் மலைதான்.

இழுவைச் சாளரம்

கெ, கே, கை ஆகியவற்றில் க-வுக்கு இடப்பக்கம் போடும் குறியான கொம்பு ஓசையில் பின்னால் வரும், எழுத்தில் முன்னால் நிற்கும். 'கே' என்று சொல்லும்போது முதலில் க் கேட்கிறது, ஆனால் கை முதலில் எழுத வேண்டியது கொம்பை. 'கெ' எழுதச் சொன்னால் க எழுதிவிட்டு வலப்பக்கத்தில் கொம்பு போடும் பிள்ளை காதுக்கு விசுவாசமாகத்தான் இருக்கிறது. இதைத் திட்டித் திருத்த முடியாது, இடம் பழகினால் சரியாகும். அதற்கு இந்தச் சாளரம்.

அடிமட்டை 16 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம், பிஸ்கற் பெட்டிக் காட்போட். மேல்விளிம்பிலிருந்து 3.5 செ.மீ. கீழே மூன்று கிடைக்கீறல்கள், கீழ்விளிம்பிலிருந்து 3.5 செ.மீ. மேலே நேருக்கு நேர் இன்னும் மூன்று. இடையில் 5 செ.மீ. உயரம் கிடைக்கும். கீறல்களின் நீளம் இடமிருந்து 2.7, 5.2, 2.7 செ.மீ., அவற்றுக்கிடையே 0.5 செ.மீ. விட வேண்டும். இரு ஓரத்திலும் 2.2 செ.மீ. மிஞ்சும். கத்தரிக்கோலால் கீறல் போட முடியாது. கட்டரும் இரும்பு அடிமட்டமும் வேண்டும், வெட்டுவது பெரியவர் வேலை.

பட்டிகள் பிறிஸ்டல் போட் எனும் தடித்த தாளில். நடுப்பட்டி 5 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளம். இரு முனையிலும் 5 செ.மீ. வெறுமையாக விட்டு நடுவில் 5 செ.மீ.க்கு ஒன்றாக ஆறு எழுத்து. இடப்பட்டி 2.5 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம், அதில் நான்கு கட்டம்: வெறுமை, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு. வலப்பட்டியும் 2.5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளம், கட்டம் இரண்டு: வெறுமை, அரவு ('கா'வில் க-வுக்குப் பின்னால் நிற்கும் குறி). கீழ்க்கீறலில் பின்னாலிருந்து முன்னுக்கு எடுத்து மேல்கீறலில் பின்னுக்குவிட்டு, இரு முனைகளையும் 1 செ.மீ. மடித்துவிட்டால் பட்டி கழன்று வராது. பட்டி கீறலைவிட 2 மி.மீ. ஒடுங்கலாக இருப்பது கட்டாயம். சமமாக வெட்டினால் மாரி மாதங்களில் மட்டை ஈரம் இழுத்துப் பருத்து நகராது.

இடப்பட்டி நான்கு, வலப்பட்டி இரண்டு, ஆக எட்டுச் சேர்க்கைகள். அவற்றில் ஏழு எழுத்தாகும்: அ, ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைகள். எட்டாவது, ஐகாரக் கொம்பும் அரவும் சேர்ந்தது, எழுத்தே இல்லை. அதை அடைத்துவைக்க வேண்டாம். பிள்ளை தானாகக் கண்டுபிடித்து 'இது இல்லாத எழுத்து' என்று சொல்லும் வரை பொறுத்திருங்கள். அதைச் சொல்லிவிட்டால் மற்ற ஏழும் பிடிபட்டுவிட்டன என்று எடுக்கலாம்.

இ, ஈ வரிசைகளுக்கும் குற்றுக்கும் பழைய பைல் கவரின் தெளிந்த பிளாஸ்ரிக்கை 5 செ.மீ. சதுரமாக வெட்டி, அழியாத மாக்கரால் விசிறி ('கி'யின் குறி), சுழிவிசிறி ('கீ'யின் குறி), குற்று வரைந்து நடு எழுத்தின்மேல் வைக்கலாம். ட-வுக்கு மட்டும் விசிறி கீழிருந்து எழும்புவதால் பொருந்தாது. டி, டீ இரண்டையும் தனி அட்டையில் எழுதிக் காட்டுங்கள். ஔ வரிசையை இந்த வயதில் விட்டுவிடுவது நல்லது. அதன் பின்பாதியும் ள-வும் ஒரே தோற்றம், 'கௌ' எது 'கெள' எது என்று பெரியவர்களே தடுமாறுவார்கள்.

எழுத்துகளை அட்டவணை ஒழுங்கில் பட்டியில் ஏற்றினால் சொல் எதுவும் உருவாகாது. முதற்பட்டிக்கு ம, ப, க, ட, ல, ர எடுங்கள். இந்த ஆறையும் வைத்தே கடல், பாலம், மேடை, கோலம், மாலை, கடலை, மரம் எல்லாம் எழுதலாம். ம, ல, ர ஓசைகளை இழுத்துச் சொல்லவும் முடியும், 'ம்ம்ம்…ஆ' என்று சேர்த்துக் காட்ட வசதி. இரண்டாம் பட்டிக்கு த, ந, வ, ச, ய, ன. மூன்றாவதுக்கு ண, ள, ழ, ற, ஞ. ங பட்டியில் ஏற வேண்டிய தேவையே இல்லை. ஙே, ஙோ என்று சுழற்றிப் பழகி எழுதப்போகும் சொல் ஒன்றும் கிடையாது. ர-வை எழுதும்போது அதன் சாய்ந்த காலை நன்றாக நீட்டுங்கள். இல்லாவிட்டால் 'கர' என்பதும் 'கா' என்பதும் ஒன்றாகிவிடும்.

உ, ஊ: மணல் தட்டு

இந்த இரண்டு வரிசையும் சாளரத்துக்கு அடங்காது, குறி எழுத்தோடு உருகிவிடுகிறது. ஆனால் 36 வடிவம் என்று மிரள வேண்டாம். உகரத்தில் ங, ச, ப, ய, வ ஐந்தும் கீழே ஒரு நேர்க்கோடு இறக்கும். ட, ம, ர, ழ, ள ஐந்தும் வளைந்து சுற்றும். ஞ, ண, த, ந, ல, ற, ன ஏழும் கீழே போய் வலப்பக்கம் காலைத் தூக்கும், ஊகாரத்தில் அந்த ஏழுக்கும் கூடுதலாக ஓர் அரவு. மிஞ்சுவது கு, கூ. சூவையும் அவற்றோடு சேர்த்துத் தனியாக எழுதிக் காட்டுங்கள். ஒரு கிழமைக்கு ஒரு கூட்டம்.

விரலால் எழுதிப் பழகும் தட்டு 30 × 20 செ.மீ., விளிம்பு 3 செ.மீ. அடியில் கடுநீலத் தாள் ஒட்டினால் கோடு பளிச்சென்று தெரியும். மணல் ஒரு செ.மீ.க்கும் குறைவான கனத்தில் இருக்க வேண்டும். கூடினால் கோட்டின் இரு கரையும் சரிந்து மூடும். கடற்கரை மணலை அள்ளி அப்படியே போடுவதுதான் இங்கே வழமையான தவறு. உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் மணல் கட்டிபடும், விரலிலும் ஒட்டும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, மாவரியில் அரித்து எடுங்கள். ஏடு தொடக்குவதற்கு அரிசி அழகு. வகுப்பில் நாள்தோறும் வைத்தால் எறும்பும் வண்டும் வரும்.

கிளிப் சோடிகள்

மெல்லினம் தன் சோடி வல்லினத்துக்கு முன்னால் நிற்பது தமிழ் எழுத்துக்கூட்டலின் மிகப் பெரிய உதவி. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. உடுப்புக் கொழுவும் கிளிப் ஆறில் க, ச, ட, த, ப, ற எழுதுங்கள். 6 செ.மீ. வட்ட அட்டைகள் ஆறில் ங், ஞ், ண், ந், ம், ன் எழுதுங்கள். சோடிக்கு ஒரு நிறம், ஆனால் நிறத்தை அட்டையின் பின்பக்கம் பூசுங்கள். முன்பக்கம் பூசினால் பிள்ளை நிறத்தைச் சேர்க்குமே தவிர ஓசையைச் சேர்க்காது.

'ம்' சொல்லும்போது உதடு மூடியிருக்கிறது, 'ப'வும் அங்கிருந்தே பிறக்கும். 'ந்' சொல்லும்போது நாக்கு பல்லில், 'த'வும் அங்கேதான். நாக்கை எடுக்காமல் அடுத்த எழுத்தைச் சொல்லிப் பார்க்கச் சொன்னால் பிள்ளையின் வாயே சரியான கிளிப்பைத் தேர்ந்துவிடும். பந்து, நண்டு, பஞ்சு, கங்கை, பாம்பு, கன்று. 'நன்டு' என்று எழுதும் கை இதோடு நிற்கும்.

விதிவிலக்கைக் கொஞ்சம் பிந்திச் சொல்லலாம். ங், ஞ், ந் மூன்றும் பெரும்பாலும் தம் சோடியையும் தம்மையும் விட்டுப் போகாதவை. ண், ம், ன் அலைபவை: நண்பன், அன்பு.

பஸ் போட்

சோடிகள் பிடிபட்டதும் ஊர்ப்பெயர்கள். மட்டக்களப்பிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று வரையும், வடக்கே வாழைச்சேனை வரையும் உள்ள பெயர்களில் தேவையான எல்லாச் சேர்க்கையும் இருக்கிறது. பிள்ளை அவற்றை நாளும் பஸ்ஸின் நெற்றியில் காண்கிறது. 40 × 7 செ.மீ. பட்டிகளில் பெயரை எழுதி, எழுத்துச் சந்திக்கும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, விடுபட்ட எழுத்தை 4 செ.மீ. அட்டையில் தனியாகக் கொடுங்கள். ம _ ட _ களப்பு. கொ _ கட்டிச்சோலை. சி _ தாண்டி. ச _ மா _ துறை. நி _ தவூர். செ _ கலடி. ஆரைய _ பதி.

இதில் நின்று பேச வேண்டிய மூன்று பெயர்கள் உண்டு. தாழங்குடாவில் ங்கு. களுவாஞ்சிக்குடியில் க்கு. காத்தான்குடியில் ன்கு. பேச்சில் 'காத்தாங்குடி' என்றே பலர் சொல்வதால் கிளிப் பழகிய பிள்ளை ங் அட்டையைத் தூக்கும். அது படித்த விதியைச் சரியாகப் பாவிக்கிறது, பிழை என்று தட்டிவிடக் கூடாது. 'காத்தான்' ஒரு பட்டியில், 'குடி' இன்னொரு பட்டியில் எழுதி இரண்டையும் பக்கத்தில் தள்ளிக் காட்டுங்கள். இரண்டு சொல் ஒட்டும்போது முதற்சொல்லின் கடைசி எழுத்து சில பெயர்களில் மாறாமல் நிற்கும் என்ற அளவுக்குச் சொன்னால் போதும். புணர்ச்சி விதி பிறகு வரட்டும்.

ஏறாவூர் என்ற ஒரே பெயரில் ற-வும் ர்-உம் இருப்பதால் அதை அடுத்த வேலைக்கு ஒதுக்கி வையுங்கள்.

காது கைவிடும் இடங்கள்

ழ-வையும் ள-வையும் பேச்சில் ஒன்றாகவே சொல்பவர்கள் அதிகம், ஆசிரியர்கள் உட்பட. அதை நாக்கை மடித்து மடித்துச் சொல்லவைத்துத் திருத்துவதற்குள் தவணை முடிந்துவிடும். விதியால் குறைத்துக்கொண்டு மிச்சத்தைப் பார்வையால் பழக்குவதே நடக்கும் காரியம்.

ழ-வும் ர-வும் இரட்டிக்காது. ஆகவே வெள்ளம், பள்ளி, முள்ளு என்று அழுத்திக் கேட்டால் ழ வர வழியே இல்லை. சோற்றுப்பானை, வெற்றி, காற்று என்று கேட்டால் ற்ற தான். ன்-க்குப் பின்னால் ர-வா ற-வா என்ற ஐயம் வந்தால் எப்போதும் ற: கன்று, நன்றி, ஒன்று. ற சொல்லைத் தொடங்காது. சொல்லின் முதலில் ந, த-வுக்கு முன்னால் ந், மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. ண நாக்கு மடிந்து வருவதால் நம் பக்கப் பேச்சில் காதாலேயே பிடிக்கலாம், மனம்–மணம், ஆனி–ஆணி சொல்லிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு எஞ்சுவது, பெரும்பாலும் இரண்டு உயிர்களுக்கிடையே ஒற்றையாக வரும் ர–ற, ழ–ள. அதற்குச் சொற்கொடி. இரண்டு மீற்றர் நைலோன் நூலைச் சுவரோரம் கட்டி, ஒரு நேரத்தில் ஒரே எழுத்துக்குரிய பத்துச் சொற்களைக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். மழை, வாழை, பழம், தமிழ், ஏழு, கிழமை, எழுத்து, குழல், நிழல், கீழே. இரண்டு கிழமை ழ மட்டும். பிறகு கொடியை வெறுமையாக விட்டு வேறு வேலை. அதற்குப் பிறகே ள. ழ-வையும் ள-வையும் முதல் நாளே பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'வித்தியாசம் பார்' என்பது மிகவும் பரவலான வழி, மிகவும் கெடுதலான வழியும் அதுதான். அதுவரை குழப்பமில்லாத பிள்ளைக்கும் குழப்பம் அதோடு ஆரம்பிக்கும். ற-வுக்கு இறால், சுறா, ஆறு, சோறு, வயிறு, கயிறு, துறை என்று கரையோரச் சொற்களே நிறைய இருக்கின்றன.

பக்கற், பிஸ்கற், சொக்லேற், பென்சில், பஸ், லொறி, றப்பர். இவை மேலே சொன்ன விதிகளையெல்லாம் ஒவ்வொன்றாக மீறும். ற்-இல் முடியும், ன்-உம் ச-வும் சேரும், லகரத்திலும் றகரத்திலும் தொடங்கும். விதி சொல்லிக்கொடுத்த அதே வாரம் பிள்ளை பிஸ்கற் உறையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். வெறும் சப்பாத்துப் பெட்டி ஒன்றை 'கடைச் சொற்கள்' என்று எழுதி வைத்து, வருகிற உறைகளை அதில் போடச் சொல்லுங்கள். ஓர் உறையில் 'பிஸ்கட்' என்றும் இன்னொன்றில் 'பிஸ்கற்' என்றும் இருந்தால் இரண்டையும் போடலாம். கிழமைக்கு ஒருமுறை கொட்டி வாசிப்பது நல்ல விளையாட்டு. இவற்றைச் சொல்வதெழுதலில் கேட்கக்கூடாது.

சொல்வதெழுதலைப் பார்க்கும் விதம்

பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டால் இந்தப் பெட்டியால் பயனில்லை. ஒவ்வொரு பிழையும் எந்தக் கருவிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லும். 'பட்டம்' படமாகியிருந்தால், 'கூடை' குடையாகியிருந்தால் ஈர்க்கு. கொம்பு வலப்பக்கம் போயிருந்தால் சாளரம். 'து' என்பதில் கால் தூக்காமல் நேர்க்கோடு இறங்கியிருந்தால் மணல். 'வன்டி', 'பன்து' என்றிருந்தால் கிளிப். 'மளை' என்று எழுதியிருந்தால் பிள்ளை கேட்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறது. அதைச் சிவப்பால் வெட்டாமல் பக்கத்தில் 'மழை' என்று எழுதிவிட்டு, அந்தச் சொல்லைக் கொடியில் மறுபடி தொங்கவிடுங்கள். ஒரு கொப்பிப் பக்கத்தில் இரண்டு வகைப் பிழை தெரிந்தால் அதிகம் வந்ததை மட்டும் அந்தக் கிழமைக்கு எடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குமேல் ஒரு கருவியை ஓட்ட வேண்டாம்.

மட்டைகளுக்கு அரிசிக் கஞ்சிப் பசை வேண்டாம், கரப்பான் தின்றுவிடும், கடையில் விற்கும் வெள்ளைப் பசை நல்லது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்து, ஈர்க்குத் துண்டுகளை மூடியுள்ள போத்தலில் போடுங்கள். கிளிப்பின் கம்பி துருப்பிடித்து அட்டையில் கறை விடத் தொடங்கினால் கிளிப்பை மாற்றுங்கள், அட்டையைத் திரும்ப எழுதுவதைவிட அது மலிவு.